சிவப்பு டேப்புக்கு அந்தப் பக்கம்

இன்று காலை ஹாலைத் துடைத்தபோது துணி மறுபடியும் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டது. தரையில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்பை உரித்தெறிந்து பல வாரங்கள் ஆகின்றன. பசை போகவில்லை. தூசு அப்பி, வாசலுக்கும் சோபாவுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு கிடக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்கிறார் என் கணவர். நான் தேய்க்கவில்லை. ஏன் என்று அவரிடம் சொல்லவுமில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

டேப் உன்னுடைய யோசனை. தொழிலே உன்னுடையதுதான். தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு, கல்யாணமாகிப் பண்டமாரானில் ஒரே அடுக்குமாடி. நீ கீழே, நான் மேலே. சேலைக்கு முன்கூட்டியே கொசுவம் மடித்து, முந்திக்கு ஊக்குப் போட்டு, இஸ்திரி பிடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் வேலையை நீதான் முதலில் ஆரம்பித்தாய். கட்டத் தெரியாத பெண்கள்கூட அதைச் சுற்றிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பிவிடலாம். உன் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் பிரிக்பீல்ட்ஸ் வரை கொண்டுபோய்க் கொடுப்பார். பிறகு நானும் அதே வேலையில் இறங்கினேன். உன்னிடம் மிஞ்சிய சேலைகளை எனக்கு அனுப்பினாய். மிஞ்சியவை. அந்தச் சொல்லே அப்போது என்னைக் குத்தியது.

ஆறு கெஜத்தை மேசையில் விரிக்க முடியாது என்று நாம் தரையில் கம்பளி போட்டுத்தான் வேலை செய்தோம். சூடான இஸ்திரிப் பெட்டியும் தரையில்தான். அதனால் நீ ஹாலை டேப்பால் இரண்டாகப் பிரித்தாய். அந்தப் பக்கம் உன் மகளும் மகனும் படம் வரைந்துகொண்டிருப்பார்கள். "அம்மா, பசிக்குது" என்பாள் பெரியவள். "இரு கண்ணு, இந்தக் கொசுவம் முடியட்டும்." அவள் இருப்பாள். அழாமல், கேட்காமல் இருப்பாள்.

நானும் அதே கடையில் அதே சிவப்பு டேப்பை வாங்கி ஒட்டினேன். என் மகன் அதை ரோடு என்று நினைத்துக்கொண்டான். கையில் சாக்லேட் பாலோடு ஓடிவந்து, நம் இருவருக்கும் சேலை அனுப்பும் ஸ்ரீ கெம்பாங்கான் ஆன்டியின் சந்தன நிறப் பட்டில் விழுந்தான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"டேப் ஒட்டினா போதாதுடி. பிள்ளைங்களுக்கு நம்ம முகத்தப் பாத்தே தெரியணும்லா."

அந்த ஆன்டி உன்னை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இவ வீட்டப் பாரு, பிள்ளைங்க இருக்கறதே தெரியல. உன் வீடு மீன் பாசார் மாரி இருக்கு." நீ சிரித்துக்கொண்டு நின்றாய். அன்று இரவு என் மகனை நான் அடித்தேன்.

பிள்ளைகள் இருப்பதே தெரியக்கூடாது. வீட்டில் தொழில் செய்கிறவளுக்கு இந்த ஊர் கொடுக்கும் பெரிய பாராட்டு அதுதான். ஃபோனில் குழந்தைச் சத்தம் கேட்டால் 'புரொபஷனல் இல்லை'. வேலை செய்வதாகச் சொன்னால், 'வீட்டுலதான சும்மா இருக்க'. இரண்டையும் சொல்வது ஒரே வாய்.

அந்த டெங்கிக் காய்ச்சல் முதலில் உன் வீட்டுக்காரருக்குத்தான் வந்தது. கிளினிக்கில் எம்சி என்று விடுப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மனிதர் லீவில் விசிறிக்குக் கீழே படுத்துக் கிடந்து எழுந்தார். அடுத்து உனக்கு. நான் கஞ்சி கொண்டுவந்தபோது நீ இஸ்திரி ஆவிக்கு நடுவில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாய்.

"டாக்டர்கிட்ட போடி."

"எனக்கு யாரு எம்சி குடுப்பா? ஞாயித்துக்கிழமை கல்யாணம். பொண்ணு மேடைக்கு நைட்டியோட போவாளா?"

"குடு, நான் செய்யறேன்."

"உன் கொசுவம் கீழ விரியுதுடி."

காய்ச்சலிலும் அந்த வாய். எனக்குச் சுருக்கென்றது. கஞ்சியை வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். கல்யாணம் நடந்தது. அதற்கு மறுநாள் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ திரும்பவில்லை.

சாவு வீட்டில் அதே ஆன்டி மூக்கைச் சிந்தினார். "கடைசிப் புடவையயும் முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போனா. என்னா பொறுப்பு!" அவர் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. ஆனால் அந்த நேரத்திலும் மனதின் ஒரு மூலையில், என்னைப் பற்றி யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று தோன்றியது. பிணமாகக் கிடந்த உன்மேலும் பொறாமைப்பட்டேன்.

சின்னவனை ரவாங்கில் உன் மாமியார் வைத்துக்கொண்டார். பெரியவள் பள்ளி விட்டதும் அப்பா வரும்வரை என் வீட்டில். முதல் நாள் பையோடு உள்ளே வந்தவள் டேப் வரை வந்து நின்றுவிட்டாள். என் மகன் அதன்மேல் பொம்மைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"வா கண்ணு, சாப்பிடலாம்."

"பரவால்ல ஆன்டி."

"அயர்ன் போடலலா. வா."

"அம்மா சொன்னாத்தான் தாண்டலாம்."

என் மகன் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். அவள் கால்விரல்களை மடக்கி, கோட்டுக்கு வெளியிலேயே ஊன்றிக்கொண்டாள்.

"தாண்டினா அம்மா கத்துவாங்களா?" என்றேன்.

"இல்ல ஆன்டி. கத்த மாட்டாங்க. பேசவே மாட்டாங்க. மறுநாள் வரைக்கும்."

முகத்தப் பாத்தே தெரியணும் என்றாயே. அந்த முகம் இதுதானா? இதைப் பார்த்தா நான் என் பிள்ளையை அடித்தேன்?

அப்போதே குனிந்து நகத்தால் டேப்பை உரித்தேன். அவள் பசைத் தடத்துக்கு வெளியிலேயே நின்றாள். சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு நான் அவள் பக்கம் போய் உட்கார்ந்தேன். விளையாட்டு என்று நினைத்து என் மகனும் வந்து விழுந்தான். மூவரும் வாசல் பக்கம் நெருக்கியடித்துச் சாப்பிட்டோம். அந்தப் பக்கம் யாருடைய பட்டோ தனியாகக் கிடந்தது. ஃபோன் அடித்தது. ஆன்டிதான்.

"ஞாயித்துக்கிழமைக்கு வேணும்மா. அவ இருந்தா முடியாதுன்னு சொல்லவே மாட்டா. அது என்ன அங்க ஒரே சத்தம்?"

"பிள்ளைங்க ஆன்டி. இங்க பிள்ளைங்க இருக்காங்க. ஞாயித்துக்கிழமை முடியாது."

அவர் அதற்குப் பிறகு சேலை அனுப்புவதில்லை. போகட்டும். இப்போது இஸ்திரிப் பெட்டி அறைக்குள், மூடிய கதவுக்குப் பின்னால். என் கணவர் வேலை முடிந்து வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால்தான் சூடேறும். என் கொசுவம் இன்னும் கீழே விரியத்தான் செய்கிறது.

உன் மகள் இப்போதெல்லாம் உள்ளே வருகிறாள். ஆனால் அந்தக் கறுப்புக் கோட்டருகே தினமும் சற்று நின்றுவிட்டுத்தான் வருகிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. உன்னிடம் கேட்கிறாள். நீ சரி என்கிறாய் போலிருக்கிறது, தாண்டுகிறாள். அதனால்தான் அதைத் தேய்க்கவில்லை. சோறு போடுவது நான், தலை பின்னுவது நான். ஒருநாளாவது என்னிடம் கேட்கமாட்டாளா என்று, துடைக்கும் துணியோடு இங்கே நிற்கிறேன். உன்மேல் இன்னும் பொறாமைதான்டி.