நாலு கொக்கிக் கதவு

மகர்பட்டாவில் என் மகன் குடியிருக்கும் கட்டடத்தில் நேற்று லிஃப்ட் கத்தியது. ஆள் கூடிவிட்டால் அது கத்தும், கதவு மூடாது. உள்ளே நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியாக ஏறிய பெண் வயிற்றை எக்கிக்கொண்டு, "ஹோ ஜாயேகா, ஹோ ஜாயேகா" என்றாள், எல்லாரும் அடங்கிவிடலாம் என்று. முதலில் ஏறி மூலையில் நின்ற நான் அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு வெளியே வந்து, ஏழு மாடியும் படியில் ஏறினேன். நடுவில் மூச்சு முட்டி உட்கார்ந்தபோது உன்னிடம் பேசவேண்டும்போல் இருந்தது. நீ போய் மூன்று வருஷமாகிறது, உனக்கென்று ஒரு வரி எழுதியதில்லை. எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்று இருந்துவிட்டேன். போன வாரம் நடந்ததை மட்டும் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாம் இருவரும் சர்க்கார் ஃபேக்டரியில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். உன் அப்பாவும் என் அப்பாவும் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ராணுவக் கண்டோன்மென்டிலேயே தங்கிவிட்டவர்கள். வெடிமருந்தைக் குழலில் அழுத்தும் அறை நமக்கு வாய்த்தது. அந்த அறைக் கதவில் ஒரு பலகை, பலகையில் நாலு கொக்கி. உள்ளே போகிறவன் தன் பித்தளை வில்லையைக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் போகவேண்டும். நாலும் நிரம்பிவிட்டால் எப்பேர்ப்பட்டவரும் வெளியேதான் நிற்கவேண்டும். தீப்பிடித்தால் நாலு பேர் ஓடித் தப்ப வழி இருக்கும், ஐந்தாவது ஆளுக்கு இருக்காது. அவ்வளவுதான் விஷயம். ஒருமுறை பெரிய அதிகாரியே வந்து நின்றபோது, "சார், கொக்கி இல்லை" என்று கையை விரித்தாய். அவர் பேசாமல் போய் மரத்தடியில் நின்றார். அந்த வாரம் முழுக்க உன் கால் தரையில் பாவவில்லை. அன்றிலிருந்து நான் உன்னைக் 'கொக்கி' என்றே கூப்பிட்டேன், நீயும் பட்டம் வாங்கியவன் மாதிரி அதற்குத் திரும்பிப் பார்ப்பாய்.

நாம் ஓய்வு பெற்ற சமயத்தில் அந்த வேலையில் பாதியை வெளியே தனியாருக்குக் கொடுத்துவிட்டார்கள். தளேகாவ் பக்கம் ஒரு புதுக் கம்பெனி, ஆபத்தில் மாட்டிய கப்பல்காரர்கள் கொளுத்திக் காட்டும் சிவப்பு வெளிச்சக் குழல் செய்தது. லைசென்சுக்கு அனுபவப்பட்ட ஆள் வேண்டும் என்று நம்மைக் கூப்பிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பெண்டாட்டிமார் விரட்டிவிடுவார்கள் என்று நாமும் போனோம். அங்கேயும் கதவில் நாலு கொக்கி. பார்த்ததும் உன் முகம் மலர்ந்தது.

ஒரு வாரத்தில் சங்கதி புரிந்தது. வில்லை, கம்பெனியின் சொந்த ஆட்களுக்கு மட்டும். காண்ட்ராக்டில் வரும் பெண்களுக்கு வில்லை கிடையாது. வில்லை இல்லாததால் அவர்கள் எத்தனை பேர் உள்ளே நின்றாலும் பலகை நாலு என்றே சொல்லும். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்பே போன் வந்துவிடும், அன்றைக்கு அந்தப் பெண்களுக்கெல்லாம் லீவு. அவர் பலகையைப் பார்ப்பார், டீ குடிப்பார், போவார். மற்ற நாளெல்லாம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கம்பெனியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை.

நீ சண்டை போடவில்லை, புகார் எழுதவில்லை. உனக்கென்று ஒரு வழி வைத்திருந்தாய். பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த சுனிதா, பேக்கிங் வேலைக்கென்று எடுத்தவள், குழல் தட்டைத் தூக்கிக்கொண்டு ஐந்தாவது ஆளாக உள்ளே வந்தால், நீ உன் வில்லையைக் கழற்றிக்கொண்டு வெளியே போய் குல்மோஹர் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாய். அந்த அறைக்குப் பொறுப்பாளி நீ, நீ இல்லாமல் மருந்தை அழுத்தும் பிரஸ் ஓடாது. மேனேஜர் குதித்துக்கொண்டு வருவான். "வோ பி ஆத்மி ஹை, சாப். அவளும் ஒரு ஆள்தான். அவளுக்கும் ஒரு கொக்கி இருந்தால் நான் உள்ளே வருகிறேன்" என்று உன் அரைகுறை இந்தியில் சொல்வாய். கடைசியில் சுனிதாவை வெளியே அனுப்புவார்கள். அவளுக்கும் உன்மேல் கோபம்தான். "காகா, உங்களால் நான் திட்டு வாங்குகிறேன்" என்பாள். சித்தப்பாவை அவர்கள் பாஷையில் காகா என்பார்கள். உனக்கு இரண்டு மெமோ வந்தது. இரண்டையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய்.

நீ போன அன்றைக்கு மத்தியானம் சரக்கு ஏற்றக் கண்டெய்னர் வந்து வாசலில் நின்றது. சுனிதா தட்டோடு உள்ளே வந்தாள், நீ எழுந்து போனாய். மேனேஜர் இந்தமுறை உன்னிடம் வரவில்லை. என்னிடம் வந்து, உங்கள் ஆளை நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் நாளையிலிருந்து இரண்டு பேரும் வரவேண்டாம் என்றான். நான் மரத்தடிக்கு வந்தேன்.

"வாடா கொக்கி. இன்னிக்கு ஒரு நாள் இந்த நாடகம் வேணாம்."

"நான் வந்தா அஞ்சுடா."

"ஒரு ஆளுதானே? அரை மணி நேரம். நம்ம ரெண்டு பேரையும் வூட்டுக்கு அனுப்பிட்டான்னா அப்புறம் இன்னா பண்ணுவ?"

நீ அசையவில்லை. நான் உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். எழுந்தாய். "உன்னோட பேஜாரா போச்சுடா" என்று சிரித்துக்கொண்டே கூட வந்தாய்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை, மருந்து பற்றிக்கொண்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, வெளிச்சம்தான். பின்கதவை மறைத்து அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தார்கள். முன்கதவுப் பக்கம் இருந்த இரண்டு பேர் வெளியே பாய்ந்தார்கள், மூன்றாவதாக நான். திரும்பிப் பார்த்தபோது, நீ சுனிதாவின் முதுகில் கை வைத்து என் பக்கம் தள்ளினாய். அவள் வந்து என்மேல் விழுந்தாள், அவள் கைகள் எரிந்துகொண்டிருந்தன. நீ வரவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தபோது மேனேஜர் ஒரு தாளோடு வந்தான். வேலையில் இருந்தது நாலு பேர், சுனிதா தன் சாப்பாட்டு டப்பாவை எடுக்க அனுமதியில்லாமல் அந்த நிமிஷம் உள்ளே நுழைந்தாள் என்று எழுதியிருந்தது. ஐந்து பேர் வேலை செய்தார்கள் என்றால் பொறுப்பாளி என்ற முறையில் பழி உன்மேல் விழும், செத்தவன் பேர் கெடும் என்றான். நான் கையெழுத்துப் போட்டேன். உன் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஐந்து என்று சொன்னால், எப்போதும் வெளியே போகிறவன் அன்றைக்கு ஏன் உள்ளே இருந்தான் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் நான்தான்.

போன மாதம் சுனிதா என் வீடு தேடி வந்தாள். விரல்கள் மடங்குவதில்லை, டீ டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்தாள். நஷ்டஈட்டு வழக்கு விசாரணைக்கு வருகிறது, அந்தத் தாளைக் காட்டித்தான் கம்பெனி அவளைத் தள்ளிவிடுகிறது. அழவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "காகா, நான் டப்பா எடுக்கவா உள்ளே வந்தேன்?"

கோர்ட்டில் சொல்வதற்கு முன்னால் உன் பெண்டாட்டி செல்வியிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. உன் வீட்டுக்குப் போனேன். அவள் வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அவன் வெளிய வந்துட்டான் செல்வி. நான்தான் கையப் புடிச்சு உள்ள இழுத்தேன்."

கீரை அவள் கையிலேயே நின்றது. "வெளிய வந்தாரா?"

"வந்தான்."

"வில்லையக் கழட்டிக்கினா?"

"கழட்டிக்கினுதான்."

கீரையைத் தட்டில் போட்டாள். பிறகு சொன்னாள்: "மூணு வருசமா அந்த மனுசன திட்டினு இருந்தேண்ணா. ஊருக்கெல்லாம் நாலு நாலுன்னு சொல்லிட்டு, கடைசில என்னைய நெனைக்காம உள்ளயே நின்னுட்டியேன்னு. படத்துக்குப் பூ போடும்போதுகூட திட்டினேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இத எங்கிட்ட சொல்லாம இத்தினி நாளு எப்படிண்ணா சோறு தின்னீங்க?"

நான் திரும்பும்போது, "அங்கயும் இதயே சொல்லுங்க. இழுத்தத விட்டுடாதீங்க. அந்தப் பொண்ணு கை போச்சு. சொல்லிட்டு, அப்புறம் இந்த வூட்டுக்கு வராதீங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். போன வாரம் கோர்ட்டில், உள்ளே எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று கேட்டார்கள். "பாஞ்ச்" என்றேன், ஐந்து. கம்பெனி வக்கீல் என் பழைய கையெழுத்தைத் தூக்கிக் காட்டி, இதில் எது பொய் என்றார். அதுதான் பொய் என்றேன். அத்தனை அனுபவமுள்ளவர் ஐந்தாவது ஆளாக எப்படி உள்ளே வந்தார் என்று கேட்டார். அவர் வந்ததற்குக் காரணம் நான் என்று ஆரம்பித்து, மரத்தடியில் நீ சொன்னதையும் நான் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொய்க் கையெழுத்துக்கு என்மேல் வழக்கு வரலாம் என்கிறார்கள், வரட்டும்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. அன்றைக்குச் செல்வி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் சுனிதாவைத் தோளோடு அணைத்து ரிக்ஷாவில் ஏற்றித் தானும் ஏறினாள். இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை, அது நியாயம்தான்.

செல்வி இனி உன்னைத் திட்டமாட்டாள். அதனால் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். உன் மணிக்கட்டு என் பிடியில் இருந்தபோது நான் இழுத்த இழுப்புக்கு நீ வந்தாய், அதன் கனம் இந்தக் கையைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. உனக்கு என்னைவிட இரண்டு மடங்கு பலம். பாவி, ஒரே ஒரு உதறு உதறியிருக்கலாமேடா.