ஒரே சர்வருக்குள் தனித்தனி ரூம்

ஆக. 20, புதன்
காலையிலேயே புழுக்கம். ஆபீஸ் போனால், ஊர்க்காரங்க சைட்டெல்லாம் ஓடுற எங்க சர்வர் மறுபடி படுத்துக் கிடக்கு. ஆவணி முகூர்த்தம், வரன் பார்க்கிற சைட்டில் ஏகக் கூட்டம். மெமரி பூராவையும் அது தின்றதில் ரத்ததானச் சங்கத்து சைட்டும் சேர்ந்து போச்சு. அந்த சைட்டுக்கு உதவி நம்பரும் எங்க ஆபீஸ்தான். அந்த நேரம் பார்த்து ஒருத்தர் போன். "ஓ நெகட்டிவ் ஆளு தேடுறேன்மா, பக்கமே தெறக்க மாட்டேங்குது." பழைய பட்டியலில் நான் ஒரு நம்பர் தேடி எடுப்பதற்குள் வைத்துவிட்டார்.
முதலாளி அண்ணன்: "இன்னொரு மெஷினெல்லாம் இப்ப முடியாது தங்கச்சி."
கூட வேலை பார்க்கிற எழுமலைப் பாண்டிதான் யோசனை சொன்னான். இருக்கிற சர்வரையே தனித்தனி ரூமாகத் தடுக்கலாம். பேர் கன்டெய்னர்.
அண்ணன்: "தூத்துக்குடிக்கு லாரியில போகுமே, அதா?"

ஆக. 21, வியாழன்
மேகம் மட்டும். மழை இல்லை. பழைய கம்ப்யூட்டரில் சோதனை. கறுப்புத் திரை, மவுஸ் கிடையாது, எல்லாம் கமாண்ட்தான். கிரியேட்: சரி. ஸ்டார்ட்: எர்ரர். ரூமுக்கு விலாசம் மாதிரி குடுக்கிற ஐ.பி. நம்பரில் பாண்டி ஒரு புள்ளி விட்டிருக்கான். திருத்தி, மறுபடி ஸ்டார்ட்.
ஓடுது!!
உள்ளே போய்ப் பார்த்தேன். தான்தான் முழு மெஷின்னு அதுக்கு நினைப்பு. பக்கத்து ரூம் இருக்கிறதே தெரியாது. நாங்கள் கத்தின கத்தலில் கீழே பாத்திரக் கடைக்காரர் ஏறி வந்துட்டார்.
வீட்டில் அம்மாவுக்கு சௌராஷ்ட்ராவில் விளக்கப் பார்த்தேன். மெமரிக்கு எங்க பாஷையில் என்ன சொல்ல? முதல்ல சாப்பிடுங்கிறாங்க.

ஆக. 23, சனி
இன்றைய வேலை: பேக்கப். இரண்டு சைட்டுக்கும் தனி ரூம். வரன் ரூமுக்கு மெமரி இவ்வளவுதான்னு ஒரு அளவு. அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து (மறந்தாச்சு).
மாற்றி முடித்ததும் அண்ணனுக்குப் பயம். "விழுந்துச்சுன்னா?" பாண்டி வேணும்னே வரன் ரூமுக்குள் மெமரி தின்கிற புரோகிராம் ஒன்றை ஓடவிட்டான். வரன் படுத்தது. ரத்த சைட் அசையலை! அண்ணன் போய் போண்டா வாங்கி வந்தார்.

ஆக. 25, திங்கள்
பாண்டி லீவு. மதியம் வரன் ரூம் நிஜமாகவே மூச்சு முட்டி நின்றது. கூடவே போன். திருப்பரங்குன்றத்திலிருந்து ஒருத்தர், குரலே சரியில்லை. "சம்சாரத்துக்குப் பிரசவம்மா, ரத்தம் நிக்கல. சைட்டுல கீழக்குயில்குடி நம்பர் ஒண்ணு இருக்கு. கூப்பிடலாமா?"
"உடனே கூப்பிடுங்கண்ணே!"
ரத்த சைட் திறந்துதான் இருக்கு! வரன் ரூமை மட்டும் ஸ்டாப், ஸ்டார்ட். எழுந்திருச்சு.
சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "அந்தக் கீழக்குயில்குடித் தம்பி பைக்குல வந்து குடுத்துட்டுப் போயிட்டாரு. தாயும் பிள்ளையும் நல்லாருக்காக." உடனே வைத்துவிட்டார்.
பாண்டிக்கு போன் போட்டுக் கத்தினேன். அவனும் கத்தினான். அப்புறம் கேட்கிறான், "ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?"
நான் கேட்கவே இல்லை.