யு, ஹெச், இசட், பி

வியாழன் இரவு, குன்றத்தூர்.

மாதக் கடைசியோடு நிறுத்தப்போகும் கான்ட்ராக்ட் ஆட்களின் பட்டியல் மதியம் குரூப்பில் வந்தது. பேக்கிங் லைனில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கண் தெரியாத எனக்குப் போன்தான் வாசித்துக் காட்டும். பழைய எழுத்துருவில் அடித்த தமிழை அது ஆங்கில எழுத்துகளாக உளறுகிறது. ஆபீஸில் எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது!

கம்பெனி பஸ்ஸில் மேரி அக்காவிடம் போனை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். பிறகு, "உன் பேரு இல்லடி ராணி. சும்மா கவலப்பட்டுகினு இருக்காத," என்றாள். வழியெல்லாம் வாயாடுகிறவள் அப்புறம் பேசவே இல்லை. நான் இறங்கும்போது மட்டும், "நாளைக்கும் சீட்டு புடிச்சி வெக்கறேன்," என்றாள்.

சாப்பிட்டுவிட்டுப் பட்டியலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக் கேட்டேன். ஷிப்ட் சார்ட்டும் இதே எழுத்துருவில்தான் வரும். மாதாமாதம் கேட்டுக் கேட்டு, அந்த உளறலில் என் பெயர் மட்டும் எனக்குப் பழகிவிட்டது. யு, ஹெச், இசட், பி.

கடைசிப் பக்கத்தில் வந்தது. திரும்பவும் கேட்டேன். அதேதான். எங்கள் லைனில் வேறு ராணி இல்லை.

காலையில் அக்கா பிடித்து வைத்த சீட்டில் உட்கார வேண்டும். அவள் சொன்னதை நம்பியவள் போலச் சிரிக்கவும் வேண்டும்.