குளிப்பாட்டும் முன்னே

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், என் வாய்தான் இன்னும் அடங்கவில்லை என்று அப்பா எழுதச் சொன்னார். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமா? உனக்கெதுக்கும்மா இந்த வம்பு என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அரைக் கதை கேட்டுத் தீர்ப்புச் சொல்லாதே, முழுக்கப் படி.

நான் வாரந்தோறும் போய் வைத்தியம் பார்க்கும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகள் ராத்திரியில் பின்பக்கம் சொறிந்துகொண்டு தூங்காமல் அழுகின்றன என்று தாய்மார்கள் சொன்னார்கள். கேட்டதுமே கீரிப்பூச்சி என்று எனக்குப் பட்டது. பிள்ளை தூங்கியபின் புழு வெளியே வந்து ஆசனவாய் ஓரத்தில் முட்டையிடும், அரிப்பு அதனால்தான். மலத்தில் தேடினால் பெரும்பாலும் அகப்படாது, ஒட்டும் டேப்பால் அங்கே ஒற்றியெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். காலையில் குளிப்பாட்டாமல் கொண்டுவாருங்கள் என்றுதான் சொன்னேன். அழுக்கோடு டாக்டர் முன்னால் எப்படி நிற்பது என்று அத்தனை பேரும் தேய்த்துக் குளிப்பாட்டி, பவுடர் பூசிக் கொண்டுவந்தார்கள். முட்டை தண்ணீரோடு போயிருக்கும், ஒன்றும் தெரியவில்லை. விடியுமுன்னே காப்பகத்துக்கு வேலைக்கு வருகிற ஆயா மட்டும் தன் பெண்ணைத் தூக்கக் கலக்கத்தோடு தூக்கி வந்திருந்தாள், அந்தக் குழந்தையிடம் மட்டும் முட்டை தெரிந்தது. காப்பகத்து முதலாளியம்மாவுக்கு அது போதாதா? எல்லாம் இவளால்தான், சுத்தமில்லாதவள் என்று உடனே ஆயாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள். இந்தச் சோதனை செல்லாது என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

சும்மா விடுவேனா? வீட்டுக்கு வீடு டேப்பும் அதை ஒட்டக் கண்ணாடித் துண்டும் கொடுத்து, பிள்ளை கண் விழித்ததும் படுக்கையிலேயே எடுங்கள், எனக்காக ஒரே ஒரு காலை அழுக்காக இருங்கள் என்றேன். பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு இருந்தது, முதலாளியம்மாவின் பேத்திக்கும் சேர்த்து. வெளியே சொன்னால் இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றாள். அவரவர் பிள்ளையைப் பற்றி அவரவர் தாயிடம் சொல்ல எனக்கு யார் அனுமதியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவருக்கும் சொன்னேன். எனக்கு அந்த வேலை போனால் குடியா முழுகிவிடும்? தாய்மார்கள் போய்க் கேட்கவும், ஆயா வரலாம், ஆனால் பாத்திரம் மட்டும் கழுவட்டும் என்று இறங்கி வந்தாள்.

ஆயா அசரவில்லை. "பிள்ளையத் தொடாத வேலை எனக்கு எதுக்கு டாக்டரம்மா? நான் தொட்டா என்ன ஆகும்னு அவங்களே என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்" என்றாள். இன்று காலை இருவரும் சேர்ந்தே போனோம். யாரும் வாய் திறக்குமுன் அந்தப் பேத்தி ஓடிவந்து ஆயாவின் இடுப்பில் ஏறிக்கொண்டது. இறக்கு என்று சொல்ல முதலாளியம்மாவுக்கு வாய் வரவில்லை.

நோய்நொடி அண்டாமல் மூவரும் நீடூழி வாழ வேண்டும். குட்டி ராத்திரியில் புரண்டு புரண்டு அழுகிறாள் என்றாயே, நாளைக் காலை குளிப்பாட்டும் முன்னே டேப் ஒற்றியெடுத்து லேபில் பார்க்கச் சொல். இருந்தால் அங்குள்ள டாக்டரைக் கேட்டு வீட்டில் எல்லோரும் ஒன்றாக மருந்து எடுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடியும். குட்டியைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண்மேல்தான் உனக்கு முதலில் சந்தேகம் வரும். வந்தால், நீ யார் பெற்ற மகள் என்று ஒரு நிமிஷம் யோசி.

என்றும் உன்
அம்மா