லிஸ்பனில் உனக்காகக் கேட்டது

பக்கத்து வீட்டில் யாரோ கரியடுப்பில் சாளை மீன் சுடுகிறார்கள். நாம் புலம்பெயர்ந்து குடியேறிய டூங்கபியின் குளிர்காற்றில் அந்த மணம் வேலி தாண்டி வந்ததும், ஈர உடுப்பைக் கொடியில் போடாமல் அப்படியே நின்றுவிட்டேன். உன்னோடு பேசவேண்டும் போலிருந்தது.

லிஸ்பனுக்குச் சிநேகிதிகள் நாம் இருவரும்தான் போவதாக இருந்தது. மன்னார்க் கோட்டையைக் கட்டியவர்கள் எந்தத் துறையில் கப்பல் ஏறினார்கள் என்று பார்க்கவேண்டும் என்பாய். அதைவிட, அது அந்தோனியார் பிறந்த ஊர். "ஊர் பிடிக்க வந்தவங்கள்தான். ஆனா அந்தோனியாரையும் அவங்கள் எல்லோ கொண்டுவந்தவங்கள்" என்று நீ சொல்லும்போது, அது கோபமா நன்றியா என்று எனக்கு விளங்காது.

டிக்கெட் எடுத்த பிறகுதான் உன் ஈரலில் நோய் கண்டார்கள். நானும் நிற்கிறேன் என்றேன். நீ விடவில்லை.

"நீ போ. அவர் பிறந்த இடத்தில எனக்கொரு மெழுகுதிரி கொளுத்து. சுகம் கேளாத. நோகாமல் போகோணும் எண்டு கேள்."

"விசர்க்கதை கதையாத."

"கேப்பியோ, மாட்டியோ?"

"ஓம், கேக்கிறன்."

அந்த ஊர் எனக்கு அந்நியமாகவே இருக்கவில்லை. விடுதிக்காரியின் பேச்சுக்குள், கோட்டை கட்டியவர்கள் நம் தமிழில் விட்டுப்போன குசினி, கதிரை, அலுமாரி என்ற சொற்கள் கேட்டன. தலை துடைக்கத் தமிழிலேயே துவாய் கேட்டேன், கொண்டுவந்து தந்தாள். தொலைபேசியில் சொன்னபோது இருமி இருமிச் சிரித்தாய். கடல்போல் விரிந்த ஆற்றங்கரையில், நம் கரைக்குக் கப்பல்கள் புறப்பட்ட இடத்தில், கோபப்படத்தான் நினைத்தேன். சந்தோஷம்தான் வந்தது. நீயோ இங்கே படுக்கையில் கிடந்தாய்.

அந்தோனியார் திருநாளன்று ஏற்றமான ஒழுங்கைகள் எங்கும் மீன் சுடும் புகை. கோயிலுக்குக் கீழே, படியிறங்கிப் போகும் சிறிய நிலவறையில் அவர் பிறந்த இடம். மெழுகுதிரி கொளுத்தினேன். 'அவளைச் சுகமாக்கும்' என்று நாக்கு நுனிவரை வந்தது. உனக்குக் கொடுத்த வாக்கை நினைத்து அதை விழுங்கிக்கொண்டு, நீ சொன்னபடியே கேட்டேன்.

வெளியே வந்து பாணும் மீனும் வாங்கிக் கையில் வைத்திருந்தபோது உன் மகள் அழைத்தாள். "அன்ரி, அம்மா போயிட்டா. ஷீ வாஸ் ஸ்லீப்பிங். நோ பெயின், அன்ரி."

என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மீனை முழுவதும் தின்றேன். உன்னிடம் இதைச் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

உன்னை அடக்கம் செய்த பிறகு மகளிடம் மெழுகுதிரிக் கதையைச் சொன்னேன். "அம்மா கேட்டதைத்தானே செய்தனீங்கள்" என்றாள். உண்மைதான். ஈரல் நோய் ஒரு மெழுகுதிரிக்காகக் காத்திருக்காது என்பதும் தெரியும். ஆனாலும், நாக்கு நுனியில் வந்ததைக் கேட்டிருந்தால் என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்திலுள்ள பிளாக்டவுன் கோயிலில் பூசைக்குப் போகிறேன். அந்தோனியார் சொரூபத்தின் முன் சனம் வேலை, வீடு, விசா என்று கேட்கிறது. நான் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார் என்ற பயம்.

உன் மகள் இப்போது பிள்ளைத்தாய்ச்சி. "எனக்காக ப்ரே பண்ணுங்கோ, அன்ரி" என்றாள். போன கிழமை சொரூபத்தின் முன் நெடுநேரம் நின்றேன். அவளுடைய பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.