பூ உதிர்வதற்குள் அடித்த மருந்து

27 மார்ச் 1988, ஞாயிறு

காப்பித் தண்டைத் துளைக்கும் புழுவுக்காக நேற்று தோட்டம் முழுக்க மருந்து அடித்தேன். "செடியெல்லாம் பூவா நிக்குதுங்க. உதிரட்டும், அப்புறமா அடிங்க" என்று என் மனைவி கமலா எவ்வளவோ சொன்னாள். நான் கேட்கவில்லை.

இன்று காலை அவளுடைய தேன்பெட்டிகளுக்குக் கீழே தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. எரிச்சலில் போய், வாடிய செடி ஒன்றைப் பிடுங்கித் தண்டைப் பிளந்தேன். உள்ளே புழு கொழுகொழுவென்று நெளிந்தது. பட்டைக்குள் இருப்பதை மருந்து தொடவே இல்லை. பூவில் உட்கார வந்ததைத்தான் கொன்றிருக்கிறது.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கமலா செத்த தேனீக்களை முறத்தில் அள்ளிக்கொண்டே, "ஊட்டுல இன்னும் அரை டப்பா மருந்து இருக்குதுங்க. அதை என்ன பண்றது?" என்று கேட்டாள்.

ராத்திரி அந்த டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவள் தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன்.