மல்லிகா எழுதிய மழை

10-11-1981, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மலையே தெரியவில்லை. என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், மழையில் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னேன். இதுவரை போர்டைப் பார்த்து மட்டுமே எழுதிய மல்லிகா, முதல்முறையாகத் தானே தன் சிலேட்டுப் பலகையில் எழுதினாள்: "எங்க வூட்ல மய. அம்மா பான வெச்சா."

காதில் விழுகிறபடி முதலில் எழுதட்டும், பிழையைப் பிறகு திருத்தலாம், ஆராய்ச்சியில் கண்டது இது என்று பயிற்சியில் சொன்னார்கள். பலித்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

அப்போது தலைமையாசிரியர் வந்தார். பலகையை வாங்கி உரக்கப் படித்தார்.

"மயயாம். இதான் உங்க புது முறையா டீச்சர்? மழைன்னு நூறு வாட்டி எழுத வைங்க."

"நாளைக்குத் திருத்தலாம்னு இருந்தேங்க சார்" என்றேன். வகுப்பே சிரித்த சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை.

மல்லிகா எச்சில் தொட்டுப் பலகையை அழித்தாள். அவர் போனதும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நல்லாத்தான் எழுதின கண்ணு. இன்னொரு வாட்டி எழுது."

"நீங்க போர்டுல எய்துங்க டீச்சர். நான் பாத்து எய்துறேன்."

எழுதிப்போட்டேன். பலகை நிறைய, ஒரு பிழையில்லாமல் எழுதினாள். என் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நாளைக்கும் அந்த வகுப்புக்குள்தான் போகவேண்டும்.